பொரி தின்ற கார்

எங்கள் காருக்குள் ஒரு வாடை வந்தது. முதலில் அது எனக்கு மட்டும்தான் வந்தது. ஈரத்துணியைச் சுருட்டி வாளிக்குள் போட்டு மறந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் எப்படி வரும், அப்படி. ஏசி போட்டவுடன் குப்பென்று வரும். கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். அப்படிப் பழகுவதுதான் எனக்கு வாடையைவிட அருவருப்பு. நாற்றம் போய்விட்டது என்றா அர்த்தம்? நாம் அதை உள்ளே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்.

"ஏங்க, வண்டியில என்னமோ நாறுது."

"உனக்கு எதுதான் நாறல?" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் அப்படிச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கேஸை மூடினேனா இல்லையா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவள் நான். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எந்த நோய் எதனால் வரும் என்று ஒழுங்காகத் தெரியாது, அதனால் எல்லா நோயும் எல்லாவற்றாலும் வரும் என்றே நினைத்துக்கொள்வேன். வேலையும் அப்படி அமைந்துவிட்டது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். பகல் முழுக்க அடுத்தவர் அழுக்கைத் தேடித் தேடித் துடைக்கிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் மூக்கு மட்டும் தூங்கப் போகுமா? ஆக, நான் வாடை என்று சொன்னால் வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் எங்கள் மகள் இரும ஆரம்பித்தாள்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரே பிள்ளை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். இருமி இருமி முகம் சிவந்து, கடைசியில் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அவளிடம் ஓடுவேன். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "தூசி அலர்ஜிம்மா. இப்பவே கவனிக்கலன்னா இது நிரந்தர வீசிங்ல கொண்டுபோய் விட்டுடும். வீட்டைக் கொஞ்சம் சுத்தமா வைங்க" என்றார்.

வீட்டைச் சுத்தமாக வைக்க வேண்டுமாம். என்னிடம்!

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் தலையணையெல்லாம் பிரித்துப் போட்டேன். ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தேன். சோறு வைத்துப் பழக்கியிருந்த பூனையைத் துரத்தினேன். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்களிடம் சிமெண்டு மூட்டையை மூடி வைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். ஊதுபத்தியைக்கூட நிறுத்திவிட்டேன். வீடு பளிச்சென்று ஆனது. பிள்ளை இருமிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் எங்கே இருமுகிறாள் என்று கவனிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. வீட்டில் ஓடுகிறாள், ஆடுகிறாள், ஒன்றும் இல்லை. காலையில் அவள் அப்பா காரில் ஸ்கூலில் விட்டுவிட்டு வருவார். மத்தியானம் வரைக்கும் அவள் இருமியதாக டீச்சர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை எங்காவது காரில் போய்வந்தால் அன்று முழுக்க விசில். இதை அவரிடம் சொன்னேன்.

"காருக்கு என்னடி குறைச்சல்? போன மாசந்தானே சர்வீஸ் பண்ணேன்?"

அந்த சர்வீஸ் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர். தென்காசிப் பக்கத்துக்காரர், பல வருஷமாக இங்கேதான். நல்ல மனுஷன். ஆனால் ஒரு ஸ்பேனர் செட்டு வாங்கி வைத்துக்கொண்டு, லீவு நாளில் தெரிந்தவர்கள் வண்டியெல்லாம் ஏரிக்கரையில் நிறுத்தி சர்வீஸ் செய்கிறேன் என்று கிளம்பிவிடுவார். ஒருமுறை நானும் போய்ப் பார்த்தேன். காருக்கு அடியில் படுத்து எதையோ திருகினார். கறுப்பாய், கூழ் மாதிரி எண்ணெய் இறங்கியது. கீழே ஒரு தகரம்கூட வைக்கவில்லை. அது அப்படியே மண்ணில் ஓடி, ஏரித் தண்ணீர் விளிம்பில் போய் வானவில் காட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் தள்ளி மாடு தண்ணீர் குடித்தது. பிறகு ஏதோ ஒரு பில்டரை உருவி டயர் மேல் நாலு தட்டுத் தட்டி, ஊதி, திரும்ப மாட்டினார். எதிரே வந்த தூசியைக் கையால் விசிறிக்கொண்டார். கடைசியாக வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். முடிந்தது சர்வீஸ்.

"அண்ணா, உள்ள ஏசியில ஒரு வாடை வருது. அதையும் பாத்துடுங்க" என்றேன்.

"மைனி, நீங்க ஏன் இப்படிப் பயப்படுதிய? புது சென்ட்டு ஒண்ணு வாங்கி மாட்டிருவோம். பிள்ளையள் நல்லா மணமா போவும்."

"பிள்ளைக்கு இருமல் வருதுண்ணா."

"எம்பிள்ளையும்தான் இருமுதான். ஓசூர் குளுரு மைனி, அப்பிடித்தான் இருக்கும்."

வீட்டுக்காரர் சிரித்தார். மல்லிகை வாசனை சென்ட்டு ஒன்று வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டார்கள். மல்லிகையும் அந்த ஊத்தை வாடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பிண ஊர்வலத்துக்குப் பின்னால் நடக்கிற மாதிரி இருந்தது.

எனக்குப் புரியாதது என்னவென்றால், இவர்கள் இரண்டு பேரும் கம்பெனியில் இப்படிக் கிடையாது. என் வீட்டுக்காரர் மிஷின் ஆபரேட்டர். ஷிப்டு ஆரம்பித்ததும் மிஷினைத் துடைத்து, எண்ணெய் மட்டம் பார்த்து, எங்காவது புதுச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டபிறகுதான் பட்டனை அமுக்குவார். சர்வீஸ் தேதி தாண்டிய மிஷினில் சூப்பர்வைசர் கெஞ்சினாலும் கை வைக்க மாட்டார். கோளாறு வந்த பிறகு பார்க்கிறவன் தொழிலாளியே இல்லை என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதே மனுஷன் வாசலில் நிற்கிற காரைப் பற்றி, "ஓடுதுல்ல? ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்? கம்பெனி சர்வீஸ்ல விட்டா நல்லா இருக்கறதையும் கழட்டிக்குவான்" என்பார். மிஷின் முதலாளியுடையது. கார் நம்முடையது. நம்முடையது என்றால் அக்கறை கூட வேண்டாமா? நமக்கு எல்லாமே தலைகீழ்.

அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. பூஜை போடுவார். ஆயுதபூஜைக்கு மட்டுமில்லை, அமாவாசைக்கு அமாவாசை. சந்தனம், குங்குமம், பூமாலை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பொரி, கடலை, வெல்லம் கலந்து தட்டில் வைத்துப் படைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து இஞ்சின் மேலும் ஒரு கை அள்ளிப் போடுவார். அவர் பழகிய ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். "நாம மட்டும் தின்னா போதுமா? உழைக்கிற வண்டிக்கும் ஒரு வாய்" என்பார். எங்கள் கம்பெனியிலும் மிஷினுக்குப் பொரி படைப்பார்கள். ஆனால் ஆரத்தி முடிந்த சூட்டோடு எங்களைக் கூப்பிட்டு ஒரு பொரி மிச்சமில்லாமல் கூட்டச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் நான் துடைப்பத்தை எடுத்தால், "சாமிக்கு வச்சத உடனே கூட்டாதே, காத்துல தானா போவும்" என்று தடுத்துவிடுவார். அதைப் பற்றி அப்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எத்தனையோ யோசிக்கிறவள், அதை யோசிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, சாமல்பட்டியில் என் அண்ணன் வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. காலையிலேயே கிளம்பினோம். ஹைவேயில் சூளகிரிப் பக்கம் லாரி நெரிசல் என்று ராயக்கோட்டை ரோட்டைப் பிடித்தார். சானமாவுக் காடு வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தோம். பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். முன் சீட்டில் என் மடியில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. வனத்துறை ஆள் ஒருவர் நடந்து வந்து, "யானை கடக்கப் போவுது. யாரும் இறங்காதீங்க, ஹாரன் அடிக்காதீங்க, கண்ணாடிய ஏத்திக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். இங்கே இது புதுசு இல்லை. ராகி விளைகிற நேரத்தில் யானைகள் அப்படித்தான் வரும் போகும். வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றினார். உள்ளே புழுக்கமானதும் ஏசியைப் போட்டு, காற்றைக் கடைசி அளவுக்குத் திருகினார்.

குப்பென்று வந்தது. அன்றைக்கு வந்த மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. பிள்ளை இரும ஆரம்பித்தாள். நிற்கவில்லை. முதுகைத் தடவினேன், தண்ணீர் கொடுத்தேன், தண்ணீரும் இருமலோடு வெளியே வந்தது. விசில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. வெளியே யானை. உள்ளே இந்தக் காற்று. எதற்குப் பயப்படுவது?

"ஏசிய நிறுத்துங்க."

"நிறுத்துனா வெந்துடுவா. சும்மா இரு, இப்ப விட்டுடுவாங்க."

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஏசிக் காற்று வருகிற அந்த ஓட்டையிலிருந்து வெள்ளையாய் என்னவோ பறந்து வந்து பிள்ளையின் உதட்டில் ஒட்டியது. விரலால் எடுத்தேன். பாதி கடித்த பொரி. அதில் சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று முடி சுற்றியிருந்தது. மனுஷ முடி இல்லை.

கத்திவிட்டேன். கண்ணாடியை நானே இறக்கிவிட்டு, பிள்ளையின் தலையை வெளிக்காற்றுக்குத் தூக்கிப் பிடித்தேன்.

"ஏய், பைத்தியமா நீ? யானை நிக்குதுடி!"

"யானை மேல வரட்டும். இத மோந்துகினு எம்பிள்ள சாவ மாட்டா."

பின்னால் நின்ற வண்டிக்காரர் கையை ஆட்டி, "கண்ணாடிய ஏத்தும்மா!" என்று குசுகுசுத்தார். நான் அந்தப் பொரியை வீட்டுக்காரரின் முகத்துக்கு நேராக நீட்டினேன். பார்த்தார். ஏசியை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் வரிசை நகர்ந்தது. யானையை நான் பார்க்கவே இல்லை. காதுகுத்துக்கும் போகவில்லை. ராயக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆவி பிடிக்கிற மருந்து வைத்து, மூச்சு சீரான பிறகு, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓசூருக்கே திரும்பி வந்தோம்.

மறுநாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் லீவு போட்டு அவரோடு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். விட்டால் ஏரிக்கரைக்குத் திருப்பிவிடுவாரோ என்று பயம். கண்ணாடிக் கதவு, குளிரும் ஹால், டை கட்டின பையன்.

"லாஸ்ட் சர்வீஸ் எப்ப சார் பண்ணீங்க?"

"போன மாசம்."

"எங்க சார்?"

அவர் என்னைப் பார்த்தார். "ஏரிக்கரையில" என்றேன் நான்.

அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டச்சு செய்தான். பிறகு சீட்டுக்கு ஷாம்பு, பெயிண்டுக்குப் பூச்சு, காருக்கு வாசனைத் திரவம் என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தான். இவனும் சென்ட்டில்தான் வந்து நிற்கிறான் என்று எனக்கு எரிச்சல் வந்தது. "தம்பி, மேல பூசறதெல்லாம் எங்ககிட்டயே நெறைய இருக்கு. உள்ள தொறந்து பாருங்க. நான் கூட நின்னு பாக்கணும்" என்றேன். கஸ்டமர் உள்ளே வரக்கூடாது என்றான். நான் நகரவில்லை. கடைசியில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள்.

மெக்கானிக் கர்நாடகக்காரர். முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற டப்பாவைக் கழற்றி, உள்ளே கைவிட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்துக்கொண்டு, போய் முகத்துக்குத் துணி கட்டி, கையுறை போட்டுக்கொண்டு வந்தார். ஏசிக் காற்றை வடிகட்டுகிற பில்டர் அங்கே இருக்கிறதாம். சின்னப் புத்தகம் அளவு அட்டை. அதை உருவினார். வரவில்லை. இழுத்தார். கொத்தோடு வந்தது.

நான் சாக்கடை அடைப்பு எடுத்திருக்கிறேன். கேன்டீன் எச்சில் தொட்டியைக் கழுவியிருக்கிறேன். கக்கூஸ் கழுவுவது என் தினப்படி வேலை. இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. நூலும் பஞ்சும் காய்ந்த பூவிதழும் மாலை நாரும் சேர்த்துப் பின்னின ஒரு கூடு. மூத்திரத்தில் ஊறி ஊறி மஞ்சளாய், பிசுபிசுவென்று. கூட்டைச் சுற்றி மிளகு கொட்டின மாதிரி புழுக்கை. நடுவில் பொரி. எங்கள் வீட்டுப் பொரி, குங்குமம் ஒட்டினபடியே. பொரிக்கு நடுவில் தோல் சுருங்கிக் காய்ந்துபோன எலிக்குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்றாய். பில்டரில் ஒரு பக்கம் கடித்து ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் என் பிள்ளைக்குக் காற்று வந்திருக்கிறது. குளுகுளுவென்று.

மெக்கானிக் பானெட்டையும் திறந்து பார்த்துவிட்டு, துணிக்குள்ளிருந்தே கேட்டார்: "பூஜெ மாடி இலிகெ ஊட்டா கொட்டித்தீரா சார்?"

எலிக்குக் கன்னடத்தில் இலி. பூஜை பண்ணி எலிக்குச் சாப்பாடு போட்டீர்களா என்கிறார். ஓசூரில் இருக்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் அர்த்தம் சொல்லித் தர வேண்டாம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. வேகமாய் வெளியே போனார். செடித்தொட்டி ஓரத்தில் குனிந்து வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வாந்தி வரவில்லை. அந்த மிளகைத் தூளாக்கி எத்தனை காலம் என் பிள்ளையின் நெஞ்சுக்குள் ஊதியிருக்கிறோம் என்றுதான் நின்றேன்.

அதோடு முடியவில்லை. காரை மேலே தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு எட்டிப்பார்த்தது. பின்பக்க பிரேக் விளக்குக்குப் போகிற ஒயரை எலி கடித்து வைத்திருந்தது; அந்த விளக்கு எரியாமல்தான் நாங்கள் லாரிகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம். ஏரிக்கரையில் திருகின நட்டு சரியாக இறுகாமல் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் டை கட்டின பையன் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். அவன்மேல் எனக்குப் பெரிய மரியாதை எல்லாம் வரவில்லை. ஆனால் அவன் ஒரு வார்த்தை சொன்னான்: "ரெகுலரா வந்திருந்தா இந்த பில்டர எப்பவோ மாத்தியிருப்போம் மேடம். கம்ப்ளெயின்ட் இல்லன்னாலும் தொறந்து பாக்கறதுதான் எங்க வேலை."

வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இதே பேச்சைத்தான் அவர் மிஷினைப் பற்றிப் பேசுவார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே ஏதாவது பேசியிருப்பேன்.

பில்டர் புதுசு, ஒயர் புதுசு, பிரேக் கட்டை புதுசு. ஏசிக் குழாய்க்குள் மருந்து அடித்துக் கழுவினார்கள். பழைய பில்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, "வேணுமா மேடம்?" என்றார்கள். எதற்கு? வீட்டில் மாட்டி வைக்கவா?

காரை எடுத்து வந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் காலையில் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் நான் உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் மூக்கை வைத்து முகர்வேன். அவள் ஸ்கூல் பையோடு வெளியே நின்று, "மோந்து முடிச்சிட்டியாம்மா? நான் ஏறட்டுமா? லேட் ஆவுது" என்பாள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவளுக்கு இருமல் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. விசில் சத்தம் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும், எனக்கு மட்டும் அது கேட்கிற மாதிரியே இருந்தது.

போன மாசம் திரும்பவும் சாமல்பட்டிக்குக் கிளம்பினோம். அதே ரோடு. காடு வந்தது. கண்ணாடி ஏறியது. ஏசி ஓடியது. நான் பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்றாள். என்னால் அந்தக் காருக்குள் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அவள் எப்படித்தான் தின்கிறாளோ. கீழே சிந்தும் துகளையெல்லாம் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டே வந்தேன்.

அவள் ஒருமுறை இருமினாள்.

நான் நிமிர்வதற்குள் கார் ஓரம் கட்டி நின்றுவிட்டது. காட்டுக்குள், நிறுத்தக்கூடாத இடத்தில், அவர்தான் நிறுத்தினார். ஏசியை அணைத்து, எல்லாக் கண்ணாடியையும் ஒரே அமுக்கில் இறக்கிவிட்டு, பெல்ட்டோடு திமிறிப் பின்னால் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை.

"என்னடா? என்ன பண்ணுது? மூச்சு விடு பாப்போம்."

"முறுக்குப்பா. தொண்டையில மாட்டிக்கிச்சு" என்று பிள்ளை சிரித்தாள்.

"வாயத் தொற."

வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு முழுக்க மாவு. அவர் நம்பவில்லை. "இன்னொரு தடவ மூச்சு விடு" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டி அவள் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.